நோன்பு திறக்கும் கடல்பாசியும் காயத்தில் வைக்கும் ஜெல்லும்

சென்ற ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பு, லுஹர் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, நம் மஹல்லாப் பெரியவர் ஒருவர் தூணோரமாக வந்து உட்கார்ந்தார். இருபது வருடத்துக்கும் மேலாகச் சர்க்கரை நோய் உள்ளவர். இடது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண். மூன்று மாதமாக ஆறவில்லை.

"ஹஜ்ரத், ஆஸ்பத்திரியில ஏதோ ஜெல்லு வச்சுக் கட்டி விடுறாங்க. மூணு நாளைக்குப் பிரிக்கக் கூடாதுங்கிறாங்க. உளூ செய்யணுமே! அதனால ஒவ்வொரு வக்துக்கும் நானே பிரிச்சு, கழுவி, காய வச்சு, திரும்பக் கட்டிக்கிறேன். சரிதானே?"

"பிரிக்க வேண்டாம் காக்கா. கட்டின் மேலே ஈரக்கையால் மஸ்ஹு செய்தால் போதும், அதற்கு மார்க்கத்தில் வழி இருக்கிறது" என்றோம். அவர் முகம் தெளியவில்லை.

"அது தெரியும் ஹஜ்ரத். ஆனா உள்ளே இருக்கிறது வெறும் தண்ணி மாதிரி கொழகொழன்னு இருக்கு. புண்ணை ஈரமா வச்சா சீழ் பிடிக்காதா? காய விட்டாத்தானே ஆறும்? அதான் பிரிச்சுடுறேன்."

அப்போதுதான் நமக்குப் புரிந்தது. அவர் கட்டைப் பிரிப்பதற்குக் காரணம் உளூ மட்டுமல்ல. அந்த ஜெல்லின் மீதே அவருக்கு நம்பிக்கை இல்லை. நமக்கோ அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. மத்ரஸாவில் ஃபிக்ஹும், பிறகு கல்லூரியில் வரலாறும் படித்தவர்கள் நாம். சட்டம் சொல்லத் தெரிந்தது, சட்டம் எந்தப் பொருளைப் பற்றியதோ அதைச் சொல்லத் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் விசாரித்து, படித்து, தெரிந்தவர்களிடம் கேட்டு அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இதற்கு ஹைட்ரோஜெல் என்று பெயர். தமிழில் நீர்க்கூழ்மம் என்று எழுதுகிறார்கள். நாம் ஜெல் என்றே சொல்லிக்கொள்வோம்.

கடல்பாசித் தட்டில் இருக்கும் அதிசயம்

விஷயம் நம் வீட்டு அடுப்படியிலேயே தொடங்குகிறது. நோன்பு திறக்கும் நேரத்தில் கஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் கடல்பாசியை நினைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கோ பாலுக்கோ ஏறத்தாழ 10 கிராம் பாசி போதும். கொதிக்க வைத்து, சீனி சேர்த்து, தட்டில் ஊற்றி ஆறவிட்டால் கத்தியால் வில்லை வில்லையாக வெட்டலாம். நூற்றில் ஒரு பங்குதான் பாசி, மிச்சமெல்லாம் ஓடக்கூடிய திரவம். ஆனால் தட்டைச் சாய்த்தாலும் ஓடுவதில்லை. அந்த ஒரு பங்கு மற்ற 99 பங்கையும் எப்படிப் பிடித்து நிறுத்துகிறது?

மீனவர் வலையை எண்ணிப் பாருங்கள். வலையில் இருப்பது நூலும் முடிச்சும்தான், பெரும்பகுதி வெற்றிடம். ஜெல்லும் அப்படி ஒரு வலை. கண்ணுக்குத் தெரியாத நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அதன் நூல். இந்தச் சங்கிலிகள் தண்ணீரை விரும்பி ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையவை. தண்ணீரில் போட்டால் சீனியைப் போல அவையும் கரைந்து பிரிந்துபோகத்தான் பார்க்கும். ஆனால் இடையிடையே முடிச்சு விழுந்திருப்பதால் பிரிய முடியாது. கரைய விரும்பும் நூல், கரைய விடாத முடிச்சு: இந்த இழுபறிதான் ஜெல்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பாதாம் பிசினை இரவில் ஊறப் போடுங்கள். இரண்டு சிறு கட்டி, காலையில் கிண்ணம் நிறைய பளிங்கு போல ஊதி நிற்கும். சர்பத்தில் போடும் சப்ஜா விதையைச் சுற்றி உருவாகும் வழுவழுப்பும் இதே இனம்தான். நூல்கள் தண்ணீரை உள்ளே இழுக்க இழுக்க வலை விரிகிறது. விரிய விரிய, இழுத்த ரப்பரைப் போலச் சுருங்கப் பார்க்கிறது. உள்ளிழுக்கும் விசையும் சுருங்கும் விசையும் சமமாகும் இடத்தில் ஊறுவது நின்றுவிடும். முடிச்சு நெருக்கமாக இருந்தால் கொஞ்சமாக ஊறும், உறுதியாக இருக்கும். முடிச்சு குறைவாக இருந்தால் ஏராளமாக ஊறும், தொட்டால் உடையும். ஜெல் தயாரிக்கும் விஞ்ஞானிகளின் வேலையில் பாதி இந்த முடிச்சுக் கணக்குத்தான்.

முடிச்சிலும் இரண்டு வகை உண்டு. கடல்பாசியில் உள்ளது உருவி அவிழ்க்கக்கூடிய முடிச்சு. ஏறத்தாழ 85 டிகிரிக்குச் சூடாக்கினால் அவிழ்ந்து திரவமாகும், 40 டிகிரிக்குக் கீழே ஆறினால் மறுபடி கட்டிக்கொள்ளும். இன்னொரு வகையில் நூலோடு நூல் வேதிப் பிணைப்பால் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். அதைக் காய்ச்சினாலும் அவிழாது.

குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பருக்குள் வெள்ளைப் பொடியாக இருப்பது இந்த இரண்டாம் வகை. சோடியம் பாலிஅக்ரிலேட் என்று பெயர். சுத்தமான தண்ணீர் என்றால் தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கும். சிறுநீர் என்றால் அதில் உப்பு இருப்பதால் சில பத்து மடங்கோடு நின்றுவிடும். அந்த நூல்களில் ஒரே வகை மின்னேற்றம் இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளி வலையை விரிக்கின்றன. உப்பு வந்தால் அந்தத் தள்ளல் தணிந்துவிடும். புது டயப்பர் ஒன்றைப் பிரித்து, பொடியில் தண்ணீர் ஊற்றிக் கூழாக்கி, அதன்மேல் ஒரு கரண்டி உப்பைத் தூவிப் பாருங்கள். கூழ் தளர்ந்து தண்ணீரை வெளியே விடும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்டினோம். பள்ளிக்கூடத்து அறிவியல் புத்தகத்தைவிட ஆர்வமாகப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கடைகளில் பூச்சாடிக்கும் விளையாட்டுக்கும் என்று கடுகு அளவில் வண்ண வண்ண மணிகள் விற்கிறார்கள். தண்ணீரில் போட்டால் கோலிக்குண்டு அளவுக்கும் அதற்கு மேலும் ஊதும். வாட்டர் பீட்ஸ் என்பார்கள். இதுவும் ஜெல்தான். சிறு குழந்தை அதை மிட்டாய் என்று விழுங்கிவிட்டால் குடலுக்குள் போய் ஊதி, வழியை அடைத்துவிடும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் அது ஏறக்குறைய தண்ணீர். அறுவை செய்து எடுக்க வேண்டி வந்த குழந்தைகள் உண்டு, இறந்த குழந்தையும் உண்டு. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது வேண்டாம். குழந்தை வாந்தி எடுத்து, வயிறு உப்பி, அந்த மணிகளும் வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஆய்வுக்கூடத்துக்குப் போன பாசி

கடல்பாசி சமையலறையிலிருந்து மருத்துவத்துக்குப் போனதும் ஒரு வீட்டுப் பெண்மணியால்தான். 1881இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்ற மருத்துவ அறிஞர் கிருமிகளைத் தட்டில் வளர்த்துப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார். கிருமிக்கு உணவாகும் சாற்றை ஜெலட்டினில் உறைய வைத்தார்கள். ஆனால் மனித உடலின் 37 டிகிரிச் சூட்டில் ஜெலட்டின் உருகிவிடும், போதாக்குறைக்குச் சில கிருமிகள் அதையே தின்றுவிடும். கோக்கிடம் பணிபுரிந்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, வெயிலிலும் உருகாத தன் பழக்கூழுக்கு அகர் என்ற கடல்பாசியைப் பயன்படுத்துவார். ஜாவாவில் வாழ்ந்த டச்சு அண்டை வீட்டார் சொல்லிக்கொடுத்தது அது. அதையே தட்டில் ஊற்றிப் பார்க்கச் சொன்னார். கோக் 1882இல் காசநோய்க் கிருமியை அறிவித்த கட்டுரையில் அகரைக் குறிப்பிட்டார், அதைச் சொன்ன பெண்ணின் பெயரைக் குறிப்பிடவில்லை.

இன்றும் உலகெங்கும் கிருமி வளர்க்கும் தட்டில் இருப்பது அகர்தான். நம் பெரியவரின் புண்ணிலிருந்து பஞ்சில் தொட்டு எடுத்து 'கல்ச்சர்' பார்க்க அனுப்பினார்களே, அதுவும் இப்படியொரு தட்டில்தான் வளர்ந்தது. மன்னார் வளைகுடாவில் இராமநாதபுரம் கரையோரப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் மூழ்கி, பாறையில் பற்றியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறித்து வருவார்கள். அகர் எடுக்கப்படும் பாசிகளில் அதுவும் ஒன்று.

பொம்மைக் கருவியில் பிறந்த லென்ஸ்

உடலுக்குள்ளும் உடல்மீதும் வைப்பதற்கென்றே திட்டமிட்டு ஒரு ஜெல்லை உருவாக்கியவர் செக்கோஸ்லோவாக்கியாவின் ஓட்டோ விக்டர்லே. இவருடைய வாழ்க்கை தனியே ஒரு கட்டுரைக்கு உரியது. 1942இல் நாஜிகளின் ரகசியக் காவல்துறை அவரைச் சிறையில் அடைத்தது. 1958இல் கம்யூனிஸ்ட் ஆட்சியில் பேராசிரியர் பதவியை இழந்தார். இரண்டு தரப்பிடமும் அடி வாங்கியவர்.

1952இல் ஒரு ரயில் பயணத்தில், பக்கத்தில் இருந்தவர் கண்ணுக்குள் உலோகத்தில் பொருள் செய்து பொருத்துவது பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தார். விக்டர்லேவுக்கு அது ஒப்பவில்லை. மனித உடல் மென்மையானது, ஈரமானது. அதற்குள் வைப்பதும் அப்படித்தானே இருக்க வேண்டும்? யோசித்தால் நம் உடலிலேயே ஜெல் எங்கும் இருக்கிறது. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் பளிங்குக் கூழில் நூற்றில் 98 பங்குக்கு மேல் தண்ணீர். கருவிழிப் படலமும், மூட்டில் உள்ள குருத்தெலும்பும் நீர் நிறைந்த வலைகளே. அவரும் உடன் உழைத்த டிரஹோஸ்லாவ் லிம்மும் ஹெமா என்ற சுருக்கப் பெயர் கொண்ட பொருளை இணைத்து ஒரு வலை செய்தார்கள். காய்ந்தால் கண்ணாடி போல் இறுகும், ஊறினால் எடையில் 38 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் பிடித்து மென்மையாகும், தெளிவாகவும் இருக்கும். 1960இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள்.

அதற்கு முன்பிருந்த கான்டாக்ட் லென்ஸ் கடினமான பிளாஸ்டிக். கருவிழிப் படலத்தில் ரத்தக் குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீர் வழியாகவே போகிறது. கடின பிளாஸ்டிக் அதை மறிக்கும். ஜெல்லோ தனக்குள் உள்ள தண்ணீர் வழியாக ஆக்ஸிஜனைக் கடத்தும். ஆனால் லென்ஸை ஓரம் கிழியாமல் வார்த்தெடுப்பது பெரும்பாடாக இருந்தது. அரசு இந்த வேலை தேறாது என்று நிறுத்தச் சொல்லிவிட்டது. 1961 கிறிஸ்துமஸ் விடுமுறையில் விக்டர்லே வீட்டுச் சமையலறை மேசையில், மகன்கள் விளையாடும் மெர்க்குர் என்ற இரும்புத் துண்டுப் பொம்மைக் கருவியைக் கொண்டு, சைக்கிள் டைனமோவை மோட்டாராக வைத்து, சுழலும் அச்சு ஒன்றைக் கட்டினார். சுழலும் குழியில் விடப்பட்ட திரவம் ஓரத்துக்கு ஏறி, வேண்டிய வளைவில் உறைந்தது. முதலில் கிடைத்தவை 4 லென்ஸ்கள். பிறகு மனைவியும் சேர்ந்துகொள்ள, 1962இன் முதல் நான்கு மாதங்களில் வீட்டிலேயே 5,500 லென்ஸ்கள் செய்தார்கள். காப்புரிமையை அரசு அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றது. 1971இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்து, அது உலகமெங்கும் பரவியது. அவருக்கு அதில் சேர்ந்த பங்கு மிகச் சொற்பம்.

லென்ஸ் அணிந்த நம் பிள்ளைகள் கேட்பது ஒன்று: உளூவுக்கும் கடமையான குளிப்புக்கும் லென்ஸைக் கழற்ற வேண்டுமா? கண்ணின் உட்பகுதியைக் கழுவுவது இரண்டிலும் கடமையில்லை. எனவே லென்ஸ் தடையாகாது. இதோடு பதிலை முடித்துக்கொள்வதுதான் நம் வழக்கமாக இருந்தது. இப்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறோம். ஜெல் தண்ணீரைக் குடிக்கும் பொருள். குழாய்த் தண்ணீரிலும் கிணற்றிலும் ஹவுழிலும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கக்கூடும். அது அரிதாகவே கண்ணைத் தாக்கும், தாக்கினால் பார்வையையே கெடுக்கும். அப்படித் தாக்கப்படுவோரில் பெரும்பாலோர் கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள்தாம். ஆகவே முகம் கழுவும்போது கண்ணை நன்றாக மூடிக்கொள்ளுங்கள். குளிக்கவும் குளத்தில் இறங்கவும் போகும்போது கழற்றிவிடுங்கள். லென்ஸைத் தொடுமுன் சோப்பால் கை கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். உளூ செய்த ஈரக்கையோடு லென்ஸைத் தொடாதீர்கள். லென்ஸ் டப்பாவைக் குழாயில் அலசாதீர்கள்; அதற்குரிய திரவம் மட்டுமே. மருத்துவர் அனுமதிக்காமல் லென்ஸோடு தூங்கவும் வேண்டாம்.

உடலுக்குள் போகும் ஜெல்லைப் பற்றிச் சுருக்கமாக. பல ஜெல்களில் நூல்களுக்கு இடையிலான துளை ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் சில பங்குதான். சிறு மருந்து மூலக்கூறு மெல்ல நழுவி வெளியேறும், பெரியவை மாட்டிக்கொள்ளும். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் வித்தை இதில்தான் இருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது பக்கத்தில் உள்ள மலக்குடல் கருகாமல் இருக்க, இரண்டுக்கும் நடுவே திரவமாக ஊசியில் செலுத்தி, உள்ளே போனதும் உறைந்து மெத்தை போல இடைவெளி தரும் ஜெல் ஒன்றுக்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சுமார் மூன்று மாதம் இருந்துவிட்டுப் பிறகு தானே கரைந்துபோகும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஆவலூட்டும் ஆய்வு வேறு. 1980இல் லிம், சன் என்ற இருவர், இன்சுலின் சுரக்கும் செல்களைக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் ஜெல் குமிழிக்குள் அடைத்து எலிகளுக்கு வைத்தார்கள். சர்க்கரையும் இன்சுலினும் துளை வழியே போய்வரும், உடலின் எதிர்ப்புப் படை உள்ளே நுழையாது. இரண்டு மூன்று வாரங்கள் எலிகளின் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. அந்த வழியில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அதைச் சொல்லி இன்சுலினை நிறுத்தும்படி யாராவது ஆலோசனை கூறினால் கேட்காதீர்கள்.

காயவிட்டால் ஆறுமா?

இனி பெரியவரின் கேள்வி. காய்ந்து பொருக்கு கட்டினால்தான் புண் ஆறும் என்பது நம் பாட்டிமார் மட்டும் சொன்னதல்ல, மருத்துவ உலகமே நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தது. 1962இல் லண்டனில் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர், தோலில் ஒரே மாதிரி மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைக் காற்றுப் பட விட்டார், சிலவற்றை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி ஈரம் போகாமல் வைத்தார். ஈரமாக இருந்த காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. அவர் ஆய்வு செய்தது பன்றிக்குட்டிகளின் தோலில், அது மனிதத் தோலை ஒத்திருக்கும் என்பதற்காக. அறிவைப் பெறுவதற்கு அது தடையில்லை என்பதால் மறைக்காமல் எழுதுகிறோம்.

காரணம் எளிது. புதுத்தோல் செல்கள் காயத்தின் ஓரத்திலிருந்து நகர்ந்து வந்து மூட வேண்டும். மேலே காய்ந்து பொருக்கானால், செல்கள் அதற்கு அடியில் ஈரம் இருக்கும் இடம் தேடிக் குடைந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. ஈரம் இருந்தால் மேலாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஈரம் என்பது வேறு, சீழ் என்பது வேறு. சீழுக்குக் காரணம் கிருமி.

புண்ணில் வைக்கும் ஜெல் இரண்டு வேலை செய்கிறது. காய்ந்து ஒட்டிக்கிடக்கும் இறந்த சதைக்குத் தன்னிடமுள்ள தண்ணீரைக் கொடுத்து ஊறவைத்து, உடல் தானே அதைக் கழற்றிவிட உதவுகிறது. கட்டு புண்ணோடு ஒட்டாமலும் பார்த்துக்கொள்கிறது. வெறும் காஸ் துணி புண்ணில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது வலிக்கிறது அல்லவா? அந்த வலியோடு அன்று வளர்ந்த புதுத்தோலும் பிய்ந்து வருகிறது. நம் பெரியவருக்கோ சர்க்கரையால் பாத நரம்பு மரத்துப்போய் வலியே தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து முறை பிரித்துக் கழுவிக் காயவைத்தார். ஒவ்வொரு முறையும் புண் குளிர்ந்தது, கிருமிக்குக் கதவு திறந்தது, மூன்று நாளில் ஜெல் செய்ய வேண்டிய வேலை ஒரு முறைகூட முடியவில்லை.

அதற்காக எல்லாப் புண்ணுக்கும் ஜெல் வைக்கலாம் என்று யாரும் மருந்துக்கடைக்கு ஓட வேண்டாம். நீர் கொட்டும் புண்ணில் ஜெல் வைத்தால் சுற்றியுள்ள நல்ல தோலும் வெளுத்து ஊறிப் பிய்ந்துவிடும். அங்கே உறிஞ்சும் வகைக் கட்டுதான் தேவை. ரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்துக் காய்ந்து போயிருந்தால் அதை ஊறவைப்பது ஆபத்து. அங்கே காயவைத்திருக்கத்தான் மருத்துவர்களே சொல்வார்கள். பெரியவரின் எண்ணம் முற்றிலும் தவறு என்று சொல்லிவிட முடியாதது இதனால்தான். பாதப் புண்ணில் ஜெல் ஒரு துணைதான். சர்க்கரை அளவு, ரத்த ஓட்டம், கிருமி, பாதத்தின் மீது உடல் பாரம் விழாமல் தனிச் செருப்பு ஆகியவை சரியில்லாவிட்டால் எந்த ஜெல்லும் காப்பாற்றாது.

தீக்காயத்துக்கும் ஒரு சொல். மையும் பற்பசையும் பூசுவதை விட்டுவிட்டு, முதலில் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

கட்டும் உளூவும்

மார்க்கச் சட்டத்தில் கட்டுப் போட்ட காயத்துக்கு ஜபீரா என்ற தலைப்பில் தனிப் பகுதியே இருக்கிறது. பிரித்தால் பாதிப்பு உண்டாகும் அல்லது ஆறுவது தாமதமாகும் என்று நம்பகமான மருத்துவர் சொன்னால் பிரிக்கத் தேவையில்லை. ஹனஃபி மத்ஹபில், நல்ல பகுதியைக் கழுவிவிட்டு, கட்டின் மேல் மஸ்ஹு செய்தால் போதும். நம் கரையோர ஊர்களில் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹபில், நல்ல பகுதியைக் கழுவி, கட்டின் மேல் முழுவதும் மஸ்ஹு செய்து, கழுவ முடியாத பகுதிக்காகத் தயம்மும் செய்துகொள்ள வேண்டும். தூய்மையான நிலையில், தேவைக்கு மேல் அகலமாக இல்லாமல் போட்ட கட்டாக, முகம், கை அல்லாத உறுப்பில் இருந்தால் பின்னர் தொழுகையை மீட்ட வேண்டியதில்லை. காலுறை மஸ்ஹுக்கு உள்ளது போல நாள் கணக்கு இதற்கு இல்லை. தனித்தனி நிலைமைகளுக்கு உங்கள் ஊர் ஆலிமைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கும்போது மருத்துவர் சொன்னதையும் முழுமையாகச் சொல்லுங்கள். ஆலிம்களும் அதைக் கேட்ட பிறகே பதில் சொல்வது நல்லது. இதை நமக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம்.

இதையெல்லாம் பெரியவரின் வீட்டுக்கே போய் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த ஜெல்லு எதுல செஞ்சது ஹஜ்ரத்? ஜெலட்டின் கிலட்டின் ஏதும் இல்லையே?" என்றார். நியாயமான கேள்வி. ஜெலட்டின் என்பது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. அதுவும் ஜெல்தான். மாத்திரைக் கூடுகளிலும், அறுவையில் ரத்தத்தை நிறுத்த வைக்கும் பஞ்சிலும் அது உண்டு. பன்றியிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். இதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. 1995இல் குவைத்தில் கூடிய இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பின் கருத்தரங்கு, முழுமையாக உருமாறிய பொருள் தூய்மையானது என்ற அடிப்படையில் அதை அனுமதித்தது. அதற்கு முன் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமியோ, மாற்று இருக்கும்போது பன்றி ஜெலட்டினைப் பயன்படுத்தக் கூடாது என்றது. மாற்று இல்லாத கட்டாய நிலை வேறு. நம் மத்ஹபில் உருமாற்றத்துக்கு இடம் குறைவு என்பதால் நாம் இரண்டாவது கருத்தின் பக்கம் நிற்கிறோம்.

பேரனை விட்டுக் குழாயின் அட்டைப்பெட்டியை எடுத்துவரச் சொன்னோம். சிறிய எழுத்து. பேரன் எழுத்துக் கூட்டிப் படித்தான்: தண்ணீர், கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், புரொப்பிலீன் கிளைக்கால். செல்லுலோஸ் மரத்திலும் பஞ்சிலும் இருப்பது, அதிலிருந்து செய்த நூல்தான் இந்த வலை. ஜெலட்டின் இல்லை. "அப்போ நம்ம கடல்பாசிக்குச் சொந்தக்காரன்தான்" என்றார் பெரியவர்.

இப்போது வாரம் இரண்டு நாள் கட்டு மாற்றுகிறார்கள். அந்த நாட்களில் வீட்டிலேயே முறைப்படி உளூவும் தயம்முமும் செய்துவிட்டு, தூய்மையோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ரமளான் முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. ஐந்து ரூபாய் நாணயம் அளவு இருந்த புண் பட்டாணி அளவுக்கு வந்திருக்கிறது. இன்னும் மூடவில்லை.